எம்0+, எம்3, எம்4, எம்33, எம்7: போர்டு வாங்குமுன் கோரைப் பார்ப்பது

மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று வாங்கலாம் என்று தேடினால், ஐந்தாறு வந்து நிற்கும். ராஸ்பெர்ரி பை பிக்கோ, பிக்கோ 2, ப்ளூ பில், பிளாக் பில், நியூக்ளியோ, அர்டுயினோ ஊனோ ஆர்4. கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்தால் டீன்சி 4.0. எல்லாவற்றின் விவரப் பட்டியலிலும் "ஆர்ம் கார்டெக்ஸ்-எம்" என்றே போட்டிருக்கும்; சிப்பிற்குள் நிரலை ஓட்டும் கோரின், அதாவது செயலிப் பகுதியின், பெயர் அது. பின்னால் வரும் எண் மட்டும் மாறும்: 0+, 3, 4, 7, 33. எண் ஏற ஏறக் கோரும் உயர்ந்தது என்று நினைத்தால் 33-இல் இடிக்கும். எம்33 என்பது எம்4-க்கு அடுத்த தலைமுறை. எம்7-ஐ விட வேகம் குறைந்தது. எம்0+ போட்ட போர்டு எம்4 போட்ட போர்டை வேகத்தில் தோற்கடிப்பதும் உண்டு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல வேலைக்கும் பயன்படுகிற மாதிரி ஒரே ஒரு போர்டு வேண்டுமென்றால், எஃப்பியு (தசம எண் கணக்குக்கான தனி வன்பொருள்) உள்ள எம்4. புதிதாக ஒரு பொருளை வடிவமைத்துச் சில ஆண்டுகள் விற்கப் போகிறீர்கள் என்றால் எம்33. பேட்டரியில் தூங்கிக் கிடக்க வேண்டிய கருவிக்கு எம்0+. எம்7 ஏன் வேண்டும் என்று உங்களால் ஒரே வரியில் சொல்ல முடிந்தால் மட்டும் எம்7. எம்3-ஐப் புதிதாகத் தேர்ந்தெடுக்க இன்று எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. இந்த வரிசை எங்கெல்லாம் தலைகீழாகும் என்பதைப் பார்க்கலாம்.

வேகக் கணக்கு

கோர்களை ஒப்பிடப் பலரும் எடுப்பது கோர்மார்க் என்ற அளவை. ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு எவ்வளவு என்று பார்த்தால் எம்0+ ஏறத்தாழ 2.5, எம்3-யும் எம்4-உம் 3.3 முதல் 3.5 வரை, எம்33 சுமார் 4, எம்7 சுமார் 5. கம்பைலர் மாறினால் இவை கொஞ்சம் ஏறி இறங்கும். ஆனால் வரிசை மாறாது.

இதைப் போர்டின் கிளாக்கோடு பெருக்கிப் பாருங்கள். பிக்கோவில் உள்ள ஆர்பி2040-இன் எம்0+ 133 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஒரு கோருக்குச் சுமார் 330. ப்ளூ பில்லில் இருக்கும் எஸ்டிஎம்32எஃப்103-இன் எம்3 72 மெகாஹெர்ட்ஸ், சுமார் 240. ஊனோ ஆர்4-இல் இருப்பது எம்4 என்றாலும் ஓடுவது 48 மெகாஹெர்ட்ஸில், சுமார் 165. ஆக முழு எண் கணக்கில் எம்0+ முந்துகிறது, எம்4 கடைசியில் நிற்கிறது. பிக்கோவில் இரண்டு கோர்கள் இருப்பதை இன்னும் சேர்க்கவே இல்லை. பிளாக் பில்லின் எஃப்411 100 மெகாஹெர்ட்ஸில் 340 பக்கம் வருகிறது. பிக்கோ 2-இன் எம்33 150 மெகாஹெர்ட்ஸில் 600. டீன்சி 4.0-இன் எம்7 600 மெகாஹெர்ட்ஸில் 3,000. கடைசி எண்ணைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம், அதற்குக் கட்ட வேண்டிய வரி பின்னால் வருகிறது.

இன்னொன்றும் இந்தக் கணக்கில் தெரிகிறது. எம்3-க்கும் எம்4-க்கும் சாதாரண முழு எண் நிரலில் வித்தியாசமே இல்லை. இரண்டும் மூன்று கட்டப் பைப்லைன் (கட்டளைகளைக் கட்டம் கட்டமாகச் செயல்படுத்தும் அமைப்பு), ஒரே ஏஆர்எம்வி7-எம் குடும்பம். எம்4-இல் கூடுதலாக வந்தவை ஒலி போன்ற சிக்னல்களைக் கணக்கிடும் டிஎஸ்பி கட்டளைகளும், விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளக்கூடிய எஃப்பியுவும்தான். "எம்3-இலிருந்து எம்4-க்கு மாறினேன், நிரல் வேகமாகிவிட்டது" என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் கிளாக்கும் ஃபிளாஷ் வடிவமைப்பும்தான் மாறியிருக்கும்.

ஃபிளாஷ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோர் எவ்வளவு வேகமானாலும், கட்டளைகள், நிரல் சேமிக்கப்பட்டிருக்கும் ஃபிளாஷ் நினைவகத்திலிருந்து வந்து சேர வேண்டும். ஃபிளாஷ் மெதுவானது. எஃப்103-ஐ 72 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் ஒவ்வொரு ஃபிளாஷ் படிப்புக்கும் இரண்டு காத்திருப்பு சைக்கிள் வைக்க வேண்டும். அதைச் சமாளிக்கச் சின்ன முன்கொணர்வுப் பஃபர் மட்டுமே உண்டு. எஃப்411-இல் 100 மெகாஹெர்ட்ஸில் மூன்று காத்திருப்பு வைக்க வேண்டியிருந்தாலும், 128 பிட் அகலத்தில் படித்துச் சேமித்துவைக்கும் முடுக்கி ஒன்று ஃபிளாஷ் பக்கத்தில் இருக்கிறது. சின்ன லூப்கள் அதற்குள்ளேயே அடங்கிவிடும். பிக்கோவில் நிலைமை வேறு. சிப்பிற்குள் ஃபிளாஷே கிடையாது; வெளியே தனி சிப்பாக 2 எம்பி இருக்கிறது, இடையில் 16 கேபி கேஷ் (அண்மையில் படித்ததைச் சேமித்துவைக்கும் வேக நினைவகம்). தேவையான வரி கேஷில் இல்லாவிட்டால் பல பத்து சைக்கிள் போய்விடும். சராசரி வேகத்தில் இது தெரியாது. ஆனால் எப்போதாவது ஒருமுறை ஓடும் இன்டரப்ட் ஃபங்ஷன் (ஒரு நிகழ்வு வந்ததும் நடப்பு வேலையை இடைநிறுத்தி ஓடுவது) கேஷிலிருந்து வெளியேற்றப்பட்டிருக்கும். அது வரவேண்டிய நேரத்தில் தாமதமாக வரும். நேரம் தவறக்கூடாத ஃபங்ஷன்களை ரேமில் வைக்கும்படி குறியிட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பிக்கோவின் எஸ்டிகேயில் (தயாரிப்பாளர் தரும் நிரல் தொகுப்பு) அதற்கு வழி இருக்கிறது. ரேமும் 264 கேபி, தாராளம்.

ஃப்ளோட் கணக்கு வந்தால்

கோர்களுக்கிடையே உண்மையான பிளவு ஃப்ளோட் எனும் தசம எண் கணக்கில்தான். ஒரு பிரஷ்லெஸ் மோட்டாரை எஃப்ஓசி முறையில் (காந்தப்புலத்தின் திசையைக் கணக்கிட்டு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது) ஓட்டுவதை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 20,000 முறை மின்னோட்டத்தை அளந்து, கிளார்க், பார்க் மாற்றங்களைச் செய்து, இரண்டு பிஐ கட்டுப்பாட்டைக் கணக்கிட்டு, பிடபிள்யூஎம் மதிப்புகளை எழுத வேண்டும். ஒரு சுற்றுக்குச் சுமார் 60 ஃப்ளோட் செயல்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

எம்0+-இல் எஃப்பியு கிடையாது. ஒவ்வொரு ஃப்ளோட் கூட்டலும் பெருக்கலும் மென்பொருள் வழியாகத்தான் நடக்கும். ஆர்பி2040-இன் பூட் ரோமில் நன்றாகச் செதுக்கிய ஃப்ளோட் நூலகம் இருக்கிறது, அதிலேயே ஒரு செயலுக்கு ஏறத்தாழ 70 சைக்கிள் ஆகும். அறுபது செயலுக்கு 4,200. பிக்கோவில் 133 மெகாஹெர்ட்ஸை 20,000-ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 6,650 சைக்கிள். ஒரு கோரின் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இதற்கே போய்விடும். ஆனால் நடக்கும். அதே எம்0+ 48 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சாம்டி21 போன்ற சிப்பில் இருந்தால் கிடைப்பது 2,400 சைக்கிள்தான். நடக்காது.

எம்4-இன் எஃப்பியுவில் ஃப்ளோட் கூட்டலும் பெருக்கலும் ஒரு சைக்கிள். வகுத்தலுக்கும் வர்க்கமூலத்துக்கும் 14. ரெஜிஸ்டருக்குள் எண்களை ஏற்றி இறக்கும் செலவைச் சேர்த்தாலும் அந்த அறுபது செயலும் சில நூறு சைக்கிளுக்குள் முடிந்துவிடும். 170 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எஸ்டிஎம்32ஜி431-இல் ஒரு சுற்றுக்கு 8,500 சைக்கிள் கிடைக்கும்போது இது ஒரு பொருட்டே இல்லை. ஜி4-இல் சைன், கொசைன் கணக்கிட கார்டிக் என்ற தனி வன்பொருள் வேறு இருக்கிறது. மோட்டார் வேலைக்கு என்றால் என் கை நேராக ஜி4 நியூக்ளியோவுக்குத்தான் போகும்.

எம்0+-இல் எஃப்ஓசி செய்பவர்கள் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறார்கள். விலை குறைந்த மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகைகளில் முழு எண்களைத் தசமப் புள்ளி நகர்த்தி வைத்துக் கணக்கிடும் ஃபிக்ஸட் பாயின்ட் முறை காலங்காலமாக நடக்கிறது. எம்0+-இல் 32 பிட் பெருக்கலையே ஒரு சைக்கிளில் முடிக்கும் வகையும் உண்டு, 32 சைக்கிள் எடுக்கும் சிக்கன வகையும் உண்டு. சிப் தயாரிப்பவர் எதைப் போட்டார் என்று டேட்டாஷீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். லட்சக்கணக்கில் தயாரிக்கும்போது சிப்புக்குப் பத்து ரூபாய் மிச்சமானால் அந்த உழைப்புக்கு அர்த்தம் இருக்கிறது. பத்துப் பலகை செய்பவருக்கு இல்லை.

எம்4 என்று போட்டிருந்தாலே எஃப்பியு இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பழைய டீன்சி 3.2-இல் எம்4 இருந்தது, எஃப்பியு இல்லை. நோர்டிக்கின் என்ஆர்எஃப்52832-இல் உண்டு, அதன் தம்பி 52810-இல் இல்லை. எம்33-இலும் இதே கதை: என்ஆர்எஃப்5340-இல் இரண்டு எம்33 கோர்கள் இருந்தும் எஃப்பியு ஒன்றில்தான், ரேடியோவைக் கவனிக்கும் கோருக்கு இல்லை. "எம்4எஃப்" என்று எஃப் சேர்த்து எழுதியிருந்தால் நிம்மதி.

எஃப்பியு இருந்தும் பயன்படாமல் போவது இன்னொரு வேடிக்கை. எம்4-இன் எஃப்பியு ஒற்றைத் துல்லியத்துக்கு மட்டும்தான். சி மொழியில் 3.14 என்று வெறுமனே எழுதினால் அது டபுள். ஒரு ஃப்ளோட் மாறியை அதால் பெருக்கினால் கணக்கு முழுவதும் டபுளுக்கு உயர்த்தப்பட்டு மென்பொருளில் நடக்கும். எண்ணின் கடைசியில் எஃப் போட வேண்டும், சைன் ஃபங்ஷனுக்கும் எஃப் விகுதி உள்ளதைக் கூப்பிட வேண்டும். இப்படி டபுளுக்கு உயர்த்தப்படும் இடங்களைக் காட்டிக்கொடுக்கும் எச்சரிக்கை ஜிசிசியில் இருக்கிறது. அதை இயக்கி வைத்துவிட்டுத்தான் எம்4-இல் வேலை தொடங்க வேண்டும். உண்மையிலேயே டபுள் வேண்டுமென்றால் (ஜிபிஎஸ் ஆயங்களுக்கு வேண்டியிருக்கும்) எஸ்டிஎம்32எச்743, டீன்சி 4.0 போன்ற எம்7-களில் வன்பொருள் டபுள் உண்டு. எம்7 எல்லாவற்றிலும் இல்லை, எஃப்746-இல் ஒற்றைதான். பிக்கோ 2-இன் எம்33 கோர்களுக்குப் பக்கத்தில் டபுள் கணக்கை வேகப்படுத்தும் சின்ன துணைக் கோர் ஒன்றை வைத்திருக்கிறார்கள். முழு எஃப்பியு அளவுக்கு இல்லாவிட்டாலும் வெறும் மென்பொருளை விட எவ்வளவோ மேல்.

எஃப்பியுவுக்கு ஒரு செலவும் உண்டு. ஆர்டிஓஎஸ் (பல டாஸ்க்குகளை மாற்றி மாற்றி ஓட்டும் சின்ன இயங்குதளம்) ஓட்டினால், ஃப்ளோட்டைத் தொடும் ஒவ்வொரு டாஸ்க்கின் தற்காலிக நினைவிடமான ஸ்டாக்கிலும் ஃப்ளோட் ரெஜிஸ்டர்களைச் சேமிக்க 136 பைட் கூடுதலாக வேண்டும். எம்3-இல் சரியாக ஓடிய ஸ்டாக் அளவுகளை எம்4எஃப்-க்கு அப்படியே கொண்டுவந்தால் சில டாஸ்க்குகள் மர்மமாக விழும்.

எம்0+-இல் இல்லாதவை

எம்0+ வெறும் மெதுவான எம்3 அல்ல. அது ஏஆர்எம்வி6-எம், கட்டளைத் தொகுப்பே சின்னது. 2012-இல் வந்தது, அதற்கு முந்தைய எம்0-இன் மூன்று கட்டப் பைப்லைனை இரண்டாகக் குறைத்து, மின்சாரத்தை மிச்சப்படுத்தினார்கள். ஒரு சிப்பில் ஓடிய நிரலை இன்னொன்றுக்கு மாற்றும்போதுதான் இல்லாதவை தெரிய வரும்.

வகுத்தல் கட்டளை இல்லை. எம்3 முதல் மேலே எல்லாவற்றிலும் 2 முதல் 12 சைக்கிளுக்குள் வகுத்தல் முடியும். எம்0+-இல் நூலக ஃபங்ஷன் ஓடும். ஆர்பி2040 இதை ஈடுகட்ட ஒவ்வொரு கோருக்கும் 8 சைக்கிளில் வகுக்கும் தனி வன்பொருளை வைத்தது, எஸ்டிகே அதைத் தானே பயன்படுத்திக்கொள்ளும். மற்ற எம்0+ சிப்கள் பலவற்றில் அதுவும் கிடையாது.

நான்கால் வகுபடாத முகவரியிலிருந்து 32 பிட் எண்ணைப் படிக்க முயன்றால் எம்0+ நேராக ஹார்டுஃபால்ட்டில், அதாவது நிரலை நிறுத்திவிடும் பிழையில், விழும். எம்3, எம்4 கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு படித்துவிடும். சீரியல் வழியாக வந்த பாக்கெட்டின் நடுவில் பாயின்டரை வைத்துப் படிக்கும் நிரல்கள் எம்4-இல் பல வருடம் ஓடியிருக்கும். அவற்றை எம்0+-க்கு இறக்கிய அன்றே விழும்.

இரண்டு கோர்களோ இன்டரப்ட்டுகளோ ஒரே மாறியைத் தொடும்போது வேண்டிய அணுநிலைக் கட்டளை ஜோடி எம்3 முதல் உண்டு, எம்0+-இல் இல்லை. பிக்கோவில் இரண்டு எம்0+ கோர்களுக்கும் நடுவே 32 வன்பொருள் ஸ்பின்லாக்குகள் இருப்பது அதனால்தான். ரஸ்ட் மொழியில் எழுதுபவர்களுக்கு இது உடனே தெரியும். சாதாரணமாகக் கம்பைல் ஆகும் பல நூலகங்கள் வி6-எம் இலக்குக்கு முரண்டுபிடிக்கும்.

என்னைக் கேட்டால் பெரிய இழப்பு இன்டரப்ட் பக்கம். எம்0+-இல் முன்னுரிமை நிலைகள் நான்கே நான்கு. அதைவிட முக்கியம், "இந்த நிலைக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் தடு" என்று சொல்லும் ரெஜிஸ்டர் இல்லை. ஃப்ரீஆர்டிஓஎஸ் தன் உள்வேலையைச் செய்யும் நொடிகளில் எம்4-இல் கீழ்நிலை இன்டரப்ட்டுகளை மட்டும் தடுத்துவிட்டு, உங்கள் மோட்டார் இன்டரப்ட்டை விட்டுவைக்கும். எம்0+-இல் அத்தனையையும் நிறுத்தும். இன்டரப்ட் தொடங்க எம்0+-க்கு 15 சைக்கிள், எம்4-க்கு 12 என்று டேட்டாஷீட் சொல்லும் வித்தியாசம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் பிக்கோவை நான் ஒதுக்க மாட்டேன். அதில் இருக்கும் பிஐஓ என்ற சின்னச் சின்ன நிலை இயந்திரங்கள், இரண்டு தொகுதிகளாக மொத்தம் எட்டு, கோர் செய்ய வேண்டிய துல்லிய நேர வேலைகளைத் தனியே செய்துவிடுகின்றன. டபிள்யூஎஸ்2812 எல்இடி சரம், வழக்கத்தில் இல்லாத சீரியல் நெறிமுறை, விஜிஏ சிக்னல் என்று எம்4-ஐத் திணறவைக்கும் வேலைகள் அதில் சர்வசாதாரணம். நான்கு டாலருக்கு 2021-இல் வந்த போர்டு அது. கோருக்காக அல்ல, கோரைச் சுற்றி இருப்பதற்காக வாங்க வேண்டியது.

பேட்டரி

எம்0+ என்றாலே மின்சிக்கனம் என்பதும் பாதி உண்மை. தொட்டியின் நீர்மட்டத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து அனுப்பும் கருவியை நினைத்துக்கொள்ளுங்கள். அது விழித்திருப்பது சில மில்லிநொடிகள். மற்ற நேரமெல்லாம் தூக்கம். ஆக எந்தக் கோர் என்பதல்ல, சிப் தூங்கும்போது எவ்வளவு குடிக்கிறது என்பதுதான் கணக்கு. எஸ்டிஎம்32எல்0 தூங்கும்போது ஓரிரு மைக்ரோஆம்பியர். அதே எம்0+ கோர் உள்ள ஆர்பி2040 ஆழ்ந்த தூக்கத்திலும் 200 மைக்ரோஆம்பியர் பக்கம் எடுக்கும், போர்டில் உள்ள ரெகுலேட்டரைச் சேர்க்காமலே. 220 மில்லிஆம்பியர்-மணி உள்ள ஒரு சிஆர்2032 பட்டன் செல் 200 மைக்ரோஆம்பியரில் ஒன்றரை மாதம் தாங்கும். 2 மைக்ரோஆம்பியரில் கணக்குப்படி பன்னிரண்டு ஆண்டு. அதற்கு முன்னால் செல் தானே வயதாகிவிடும்.

புளூடூத்தும் வேண்டுமென்றால் எம்4 உள்ள என்ஆர்எஃப்52 வரிசையே தூக்கத்தில் சில மைக்ரோஆம்பியர்தான். வேகமாக வேலையை முடித்துவிட்டுச் சீக்கிரம் தூங்கப் போகும் எம்4, மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும் எம்0+-ஐ விடக் குறைவாகச் செலவழிப்பதும் நடக்கும். வைஃபை வேண்டும் என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு இஎஸ்பி32 பக்கம் போகலாம்; அங்கே வேறு கோர்கள், வேறு கணக்கு.

எம்3-உம் நகல்களும்

ப்ளூ பில்லைப் பற்றிச் சுருக்கமாக. 2007 வாக்கில் வந்த எஃப்103 குடும்பம் ஒரு தலைமுறைக்கே எஸ்டிஎம்32 சொல்லிக்கொடுத்தது. இணையத்தில் அதற்கு இருக்கும் பாடங்கள் வேறு எதற்கும் இல்லை. ஆனால் 20 கேபி ரேம், எஃப்பியு இல்லை. பல பலகைகளில் யுஎஸ்பி இணைப்புக்கு 1.5 கிலோஓம் இருக்க வேண்டிய இடத்தில் 10 கிலோஓம் ரெசிஸ்டர் உட்கார்ந்திருக்கும். சில கணினிகள் அதை அடையாளம் காணவே மறுக்கும். அதோடு ரிச்சி தெருவிலோ இணையத்திலோ மலிவாகக் கிடைக்கும் பலகைகளில் இருப்பது உண்மையான எஃப்103-தானா என்பது மேலே அச்சடித்த பெயரை வைத்துச் சொல்ல முடியாது. டீபக்கரை (பிழை தேடச் சிப்போடு பேசும் கருவி) இணைத்தால் தெரியும்: 1 என்று தொடங்க வேண்டிய அடையாள எண் 2 என்று தொடங்கினால் அது நகல், ஓபன்ஓசிடி என்ற டீபக் மென்பொருள் அங்கேயே நின்றுவிடும். நகல் எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படிக்கும் காலத்தில், பிழை நிரலிலா சிப்பிலா என்ற சந்தேகம் வேண்டாத சுமை. கொஞ்சம் கூடக் கொடுத்தால் 128 கேபி ரேமும் எஃப்பியுவும் உள்ள பிளாக் பில் கிடைக்கும்போது இது எதற்கு?

எம்7-க்குக் கட்டும் வரி

எம்7 2014-இல் வந்தது. ஆறு கட்டப் பைப்லைன், ஒரே சைக்கிளில் இரண்டு கட்டளை, கிளைகளை ஊகிக்கும் வசதி, கட்டளைக்கும் தரவுக்கும் தனித்தனிக் கேஷ். இந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஒரு மைக்ரோகன்ட்ரோலர் பெரிய செயலிகளைப் போல நடந்துகொள்ளத் தொடங்கியது இங்கே. நல்லதும் கெட்டதும் அதோடு சேர்ந்தே வந்தன.

பெரிய தலைவலி தரவுக் கேஷும் டிஎம்ஏயும். டிஎம்ஏ என்பது கோரின் உதவியின்றித் தரவை நகர்த்தும் வன்பொருள். மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஏடிசியிலிருந்து அது ஆயிரம் மாதிரிகளை ரேமில் எழுதுகிறது. கோர் அதே இடத்தைப் படிக்கிறது. ஆனால் கோர் பார்ப்பது கேஷில் ஏற்கெனவே இருக்கும் பழைய பிரதியை. எண்கள் தப்பாக இருக்காது, பழையதாக இருக்கும். அதுதான் கண்டுபிடிக்கக் கடினம். டீபக்கரில் நிறுத்திப் பார்த்தால் சில சமயம் சரியாகத் தெரிந்து மேலும் குழப்பும். படிப்பதற்கு முன் அந்தப் பகுதியின் கேஷைச் செல்லாததாக்க வேண்டும். எழுதி அனுப்புவதற்கு முன் கேஷை ரேமுக்குத் தள்ள வேண்டும். கேஷ் வரி 32 பைட் என்பதால் பஃபரும் 32 பைட் எல்லையில் தொடங்கி அந்த அளவில் முடிய வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து மாறியும் சேர்ந்து கெடும். அல்லது எம்பியு (நினைவகப் பகுதிகளுக்கு விதி வைக்கும் வன்பொருள்) வைத்து அந்தப் பகுதியைக் கேஷ் செய்யாதே என்று குறிக்கலாம்.

எச்743-இல் இன்னொரு சிக்கல். கோருக்கு மிக அருகில் இருக்கும் டிடிசிஎம் ரேமுக்குச் சாதாரண டிஎம்ஏ1, டிஎம்ஏ2 இரண்டுக்கும் வழியே கிடையாது. பஃபர் அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் யூஆர்ட் (சீரியல் இணைப்பு) டிஎம்ஏ எதையும் கொண்டுவராது. எம்4-இல் வேலை செய்த நிரலை அப்படியே எச்7-க்குக் கொண்டுபோகும் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இது.

இன்டரப்ட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஃபங்ஷனின் கடைசி வரியில் கொடியை அழித்துவிட்டு வெளியே வந்தால், அந்த எழுத்து இன்னும் பஃபரில் நிற்கும். இன்டரப்ட் மறுபடி ஒருமுறை ஓடும். கொடியை முதல் வரியிலேயே அழிக்க வேண்டும், அல்லது தடுப்புக் கட்டளை ஒன்று சேர்க்க வேண்டும்.

டீன்சி 4.0 இவற்றில் பாதியை உங்களுக்காகவே தீர்த்துவைக்கிறது. 1,024 கேபி ரேமில் பாதி கோரோடு ஒட்டிய வேக ரேம். நிரலும் சாதாரண மாறிகளும் இயல்பாக அங்கேயே போய்விடும், கேஷ் குழப்பம் இல்லை. ஒலி வேலைக்கு, குறிப்பாக நேரடியாகப் பல விளைவுகளைக் கோத்துக் கேட்க, அதற்கு இணையான எளிய வழி இந்த ஒப்பீட்டில் இல்லை. ஆனால் 600 மெகாஹெர்ட்ஸில் சுமார் 100 மில்லிஆம்பியர் எடுக்கும், பின்கள் 5 வோல்ட்டைத் தாங்காது. ஒலி, திரை, டபுள் துல்லியக் கணக்கு, பெரிய எஃப்எஃப்டி (சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு): இவற்றில் ஒன்று இருந்தால் எம்7. சென்சாரைப் படித்து ரிலேயைத் தட்டுவதற்கு எம்7 வாங்கினால், கிடைக்கும் வேகத்தை விடக் கேஷ் பற்றிப் படிக்கும் நேரம்தான் அதிகமாக இருக்கும்.

எம்33

எம்33-ஐ விற்பவர்கள் முதலில் பேசுவது டிரஸ்ட்ஸோன் பற்றி. ஒரே கோரைப் பாதுகாப்பான பகுதி, சாதாரணப் பகுதி என்று இரண்டாகப் பிரித்து, சாவிகளையும் புதுப்பிப்பு நிரலையும் முதலாவதில் பூட்டிவைக்கலாம். இணையத்தின் வழியே ஃபர்ம்வேர் அனுப்பப்போகும் பொருளுக்கு அது தேவை. மேசையில் ஓடும் திட்டத்துக்கு அதைத் தொடாமலே எம்33-ஐச் சாதாரணக் கோராகப் பயன்படுத்தலாம். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள்.

எனக்கு எம்33-இல் பிடித்தது விளம்பரத்தில் வராத இரண்டு விஷயம். ஒன்று, ஸ்டாக் எல்லை ரெஜிஸ்டர். ஸ்டாக் அந்த எல்லையைத் தாண்டிய கணமே கோர் பிழையைக் கிளப்பும். எம்4-இல் ஸ்டாக் வழிந்தால் பக்கத்து மாறி கெட்டு, பத்து நிமிடம் கழித்து வேறெங்கோ விழும். இரண்டாவது, எம்பியு. எம்3, எம்4, எம்7-இல் ஒரு பகுதியின் அளவு இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும், தொடக்கமும் அதே எல்லையில் இருக்க வேண்டும். 40 கேபியைக் காக்க 64 கேபியை ஒதுக்கிக் குழம்ப வேண்டும். எம்33-இல் 32 பைட்டின் எந்த மடங்காகவும் தொடக்கம், முடிவு என்று கொடுத்தால் போதும். எம்பியுவைப் பயன்படுத்த வேண்டும் என்று எல்லோரும் சொல்லி யாரும் பயன்படுத்தாமல் இருந்ததற்குப் பாதிக் காரணம் பழைய விதிதான்.

2024 ஆகஸ்டில் ஐந்து டாலருக்கு வந்த பிக்கோ 2 எம்33-ஐக் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தது: எஃப்பியு, டிஎஸ்பி, 520 கேபி ரேம், மூன்று பிஐஓ தொகுதி. அதன் ஆர்பி2350 சிப்பிற்குள் இன்னொரு விசித்திரம், இரண்டு எம்33-க்குப் பதிலாக ஹசார்ட்3 என்ற இரண்டு ரிஸ்க்-வி கோர்களைத் தொடங்கும்போது தேர்ந்துகொள்ளலாம். ஒரே ரேம், ஒரே பெரிஃபெரல், ஒரே கிளாக்கில் இரண்டு கட்டளைத் தொகுப்பை ஒப்பிட இதைவிட நேர்மையான மேடை வேறு இல்லை. முழு எண் நிரலில் இரண்டும் நெருக்கமாக ஓடும். ஹசார்ட்3-க்கு எஃப்பியு இல்லை என்பதால் ஃப்ளோட் வந்ததும் எம்33 விலகிப் போய்விடும். ரிஸ்க்-வி கற்க வேண்டும் என்றால் அதைத் தேர்ந்தெடுக்கலாம், மோட்டார் ஓட்ட வேண்டாம். முதலில் வந்த சிப்களில் பின்னின் உள் புல்-டவுனில் கசிவுப் பிழை இருந்தது. உள்ளீட்டைக் கீழே இழுக்க வெளியே ஒரு ரெசிஸ்டர் வைத்தால் போதும். 2025-இல் வந்த ஏ4 திருத்தத்தில் அதைச் சரிசெய்துவிட்டார்கள்.

பிக்கோ 2 இருக்கும்போது எஃப்411 எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, கோரை மட்டும் பார்த்தால் பதில் இல்லை. எஸ்டிஎம்32-இன் டைமர்கள், ஏடிசி, கேன் பஸ் உள்ள வகைகள், உள் ஃபிளாஷ், நாளை இதே நிரலை ஐம்பது வெவ்வேறு சிப்களுக்கு நகர்த்தும் வசதி என்று பதில் மறுபடியும் கோருக்கு வெளியே போகிறது. பிக்கோ 2-இல் ஏடிசி ஒன்றே ஒன்றுதான், ஒரு நேரத்தில் ஒரு பின்னைத்தான் படிக்கும். மோட்டாரின் மின்னோட்டங்களை ஒரே கணத்தில் அளக்க அது போதாது. ஜி4-இல் ஒன்றுக்கு மேற்பட்ட ஏடிசி இருக்கிறது.

விழுந்தால் எப்படித் தெரியும்

ஒப்பீடுகளில் யாரும் போடாத ஒரு பத்தி இருக்கிறது: டீபக். எம்0+ விழுந்தால் ஹார்டுஃபால்ட் என்ற ஒரே செய்தி. எதனால் என்று சொல்லும் ரெஜிஸ்டர்கள் இல்லை. ஸ்டாக்கில் கிடக்கும் முகவரியைப் பிடித்துக்கொண்டு நீங்களே பின்னால் நடக்க வேண்டும். எம்3 முதல் மேலே, வகுத்தல் பிழையா, தவறான முகவரியா, அந்த முகவரி எது என்று தனி ரெஜிஸ்டர்களில் எழுதிவைத்திருக்கும். எம்0+-இல் அதிகபட்சம் நான்கு பிரேக்பாயின்ட், எம்4-இல் ஆறு, எம்33-இல் எட்டு வரை. எம்3 முதல் மேலே ஒரே ஒரு பின் வழியாக, யூஆர்ட்டைத் தொடாமல் பதிவுகளை அனுப்பும் எஸ்டபிள்யூஓ வசதியும் உண்டு, பலகையில் அந்தப் பின்னை வெளியே கொண்டுவந்திருந்தால். எம்0+-இல் அது கிடையாது.

விற்பனைக்குப் போகும் பொருள் எம்0+-தான் என்று முடிவானாலும், அல்காரிதத்தை முதலில் எம்4-இல் எழுதிச் சோதிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் முதல் வாரத்திலிருந்தே எம்0+ இலக்குக்கும் சேர்த்துக் கம்பைல் செய்து, வாரம் ஒருமுறையாவது அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். முன்பு சொன்ன முகவரிப் பிழைகள் கம்பைலரில் தெரியாது, சிப்பில்தான் தெரியும்.

நியூக்ளியோ பலகைகளில் எஸ்டி-லிங்க் டீபக்கர் கூடவே வருகிறது. பிளாக் பில், பிக்கோ, பிக்கோ 2 மூன்றிலும் இல்லை. அவற்றுக்கு இரண்டாவதாக ஒரு பிக்கோவை வாங்கி, அதில் டீபக் புரோப் ஃபர்ம்வேரை ஏற்றினால் போதும். இரண்டு கம்பியும் ஒரு கிரவுண்டும். மேலே சொன்ன கோர்களில் எஸ்டபிள்யூடி (டீபக் இணைப்பு) பின்கள் வெளியே வந்திருக்கும் எதோடும் அது பேசும். டீன்சி 4.0-இல் அந்தப் பின்கள் வெளியே இல்லை, அங்கே பிரின்ட் வரிகள்தான் கதி.